கப்பலைச் சொல்லாமல் கேட்ட கேள்வி

போன மாதம் ஓர் அலுவலாக எங்கள் பழைய கந்தோருக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சுற்றிவரக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்கள். அதில் ஒருத்தி சொன்னாள்: "மிஸ், இப்ப புரோகிராமில ஒரு பிழை வந்தால் நாங்கள் ஒருத்தரையும் கேட்கிறேல்லை. மெசினைத்தான் கேட்கிறது. எப்பிடிக் கேட்டாலும் அது ஏசாது."

"நாங்கள் கேட்ட காலத்தில ஏசுவினம்," என்றேன்.

"ஆர், முன்பின் தெரியாத ஆக்களோ?"

"ஓம். முகம்கூடத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். ஏசுகிற ஆட்களிடம் ஏன் மிஸ் போய்க் கேட்டனீங்கள் என்று ஒரு தம்பி கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. என்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுப் பதிலும் மனதில் ஓடியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த இடம் தம்பலகாமம். அப்பா உழவு மெசின் திருத்துகிறவர். கொழும்பில் கணினிப் படிப்பு, அங்கேயே ஒரு கம்பனியில் கொஞ்சக் காலம், பிறகு கலியாணம், பிறகு திருகோணமலை. படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்ததில் பாதி நான் வேலைக்கு வந்தபோதே பழசாகிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கான தரைவழி சண்டையால் இரண்டாம் முறையும் பூட்டப்பட்டிருந்த காலம் அது. அங்கே இருக்கிற சனத்துக்கு மாவும் சீனியும் பருப்பும் மருந்தும் எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலில்தான் போயின. அப்படிச் சரக்கு ஏற்றிவிடுகிற ஒரு தனியார் கந்தோரில் நானும் ரமீஸும் கணினிப் பகுதி. இரண்டு பேர் மட்டும்தான் என்பதால் 'பகுதி' என்பது பெரிய சொல். ரமீஸ் கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணி ஆள். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிக் களப்பைக் கடக்கிற மிதவை ஒன்று இருந்தது, அதை நாங்கள் 'பாதை' என்போம். ரமீஸ் தினமும் பாதையால் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, சென்றிகளில் சோதனைக்கு இறங்கி ஏறி, எனக்கு முன்னமே கந்தோரில் இருப்பார். எதற்கும் பயப்படாத மனிதர். நான் எதற்கும் பயப்படுகிறவள்.

எங்களுக்கு மேலே பெனடிக்ற் சேர். முன்பு கப்பல்களில் வயர்லெஸ் பார்த்தவர். கணினியைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. கந்தோரில் இருந்தது ஒரே ஒரு ரெலிபோன் லைன். நாங்கள் மொடத்தைப் போட்டு இணையத்துக்குள் போனால் அவருக்குப் போன் வராது. அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் எங்களுக்கு இணையம். அதற்கும் வாசலில் வந்து நின்று, "முடிஞ்சுதோ, பிள்ளை?" என்று கேட்பார்.

ஒரு பிரச்சினையைக் கொண்டு போனால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார்.

"முதல்ல நீர் என்ன பார்த்தனீர், அதைச் சொல்லும். என்ன நினைக்கிறீர் எண்டதைப் பிறகு கேக்கிறன்."

"சேர், பிறிண்டர் பழுது போல..."

"'போல' வேண்டாம். என்ன பார்த்தனீர்?"

"தாள் பாதியில நிண்டுட்டுது, சேர்."

"அது சரி. பாதி எண்டால் எந்த வரியில?"

எந்த வரி என்று பார்க்கத் திரும்பிப் போவேன். பார்த்துவிட்டு வருவதற்குள் பல நேரம் பிழை பிடிபட்டுவிடும். அவருக்கு முன்னால் நிற்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இதை நான் மறைக்கத் தேவையில்லை, அவருக்கே தெரியும்.

எங்கள் வேலையின் நடுநாயகம் ஏற்றுத்தாள். லொறிகள் ஸ்ரோர்களில் சரக்கேற்றிக்கொண்டு துறைமுக வாசலுக்கு வரும். எந்தப் பொருள், எத்தனை, எந்தப் பொதியில், என்ன நிறை, கப்பலின் எந்தச் சரக்கறைக்கு என்று நாங்கள் கணினியில் அடித்த தாள் வாசலில் இருக்கிற கடற்படையிடம் முன்னமே போயிருக்கும். அவர்கள் லொறியையும் தாளையும் பார்ப்பார்கள். தாளில் உள்ளது உள்ளே போகும். இல்லாதது வெளியே நிற்கும். கையால் எழுதிச் சேர்த்த வரிக்கு வாசலில் மதிப்பில்லை. யாரும் எதையும் எழுதிச் சேர்க்கலாம்தானே. அந்த நாட்களில் அதை நாங்கள் பிழை சொல்லவும் ஏலாது.

இந்தத் தாளை அடிக்கிற புரோகிராமைக் கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி எழுதிக் கொடுத்திருந்தது. கம்பனியை மூடிவிட்டு அதை எழுதினவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். எங்களிடம் இருந்தது அவர்கள் விட்டுப்போன கட்டளைகள், விளக்கம் ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் ஒரு மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தேன். அந்தப் புரோகிராம் எழுதப்பட்ட மொழியைப் பாவிக்கிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து அதில் கேள்வி கேட்டார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதினார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். நான் மத்தியானத்தில் கடிதங்களை இறக்கிவைத்துப் பின்னேரம் வாசிப்பேன். கேட்டது கிடையாது. என் ஆங்கிலத்தைப் பார்த்து யார் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஒருவர் 'அவசரம்! உதவி!' என்று தலைப்புப் போட்டு, என்ன பிழை என்று சொல்லாமலே எழுதுவார். 'இங்கே எல்லாருக்கும் அவசரம்தான்' என்று ஒற்றை வரியில் பதில் வரும். இன்னொருவர் பக்கம் பக்கமாகக் கட்டளைகளை ஒட்டி, 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுவார். 'அப்படியென்றால் வேறு வேலை தேடச் சொல்லுங்கள்' என்பார் ஒருவர். எனக்கு வாசிக்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் வேறு சிலர் எழுதுவார்கள்: இதைச் செய்தேன், இது வரும் என்று பார்த்தேன், அதற்குப் பதிலாக இது வந்தது, இன்னின்ன வழியில் முயன்று பார்த்தேன், பிழை வருகிற சின்னத் துண்டு கீழே இருக்கிறது. அவர்களுக்குப் பதில் சொல்லப் பெரிய பெரிய ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் ஒருவரும் கவனிப்பதில்லை.

ஆக, அந்தக் குழுவின் மரியாதை முழுவதையும் சரியாகச் சொல்வது. எங்கள் ஊரில் அந்த நேரத்து மரியாதை வாயே திறக்காமல் இருப்பது. எந்தக் கப்பல், எப்போது வெளிக்கிடும், என்ன ஏற்றுகிறது என்று வீட்டிலும் கதைக்கக் கூடாது. என் கணவருக்கே நான் சொன்னதில்லை. இந்த இரண்டு மரியாதைகளும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு காலை, வாசலில் ஒரு லொறியை மறித்துவிட்டார்கள். அதில் இருந்தவை வடக்கில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒட்சிசன் சிலிண்டர்கள். ஏற்றுத்தாளில் சிலிண்டர் என்ற வரியே இல்லை. ரமீஸ் தன் கையால் பதிந்தவர். கணினியைத் திறந்து பார்த்தால் பதிவு இருக்கிறது. தாளில் இல்லை. திரும்ப அடித்தோம். திரும்பவும் இல்லை. பெனடிக்ற் சேர் வாசலில் நின்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கப்பல் கடற்படைப் படகுகளோடு சேர்ந்து போவது, ஒரு லொறிக்காக நிற்காது. சிலிண்டர்கள் ஸ்ரோருக்குத் திரும்பின.

அடுத்த நாள் அந்த ஆஸ்பத்திரியின் டொக்டர் போன் எடுத்தார். பெனடிக்ற் சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம் டொக்டர்... ஓம்... விளங்குது..." என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"பக்கத்து ஆஸ்பத்திரியில கடன் வாங்கி இருக்கினமாம். அடுத்த கப்பல் வரைக்கும் தாங்கும். அதுக்குப் பிறகு தாங்காது."

அடுத்த கப்பல் எப்போது என்று எங்களுக்குத் தெரியும். அதிக நாள் இல்லை.

ரமீஸும் நானும் அன்று முழுக்க அந்தக் கட்டளைகளைத் தோண்டினோம். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் சிலிண்டர் சில தாள்களில் இருக்கிறது, சிலதில் இல்லை. வந்து போகிற பிழைதான் பிழைகளில் பொல்லாதது.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட்டு வந்தபோது ரமீஸின் முகம் தெளிந்திருந்தது.

"கேட்டுட்டன், மிஸ்."

"எதை?"

"உங்கட குழுவில. என்ட பேரில சேர்ந்து கேட்டுட்டன். நீங்க எப்பயும் பயப்படுறீங்க. அங்க டொக்டர் பாத்துக்கொண்டு இருக்கிறார்."

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. நான் செய்யத் துணியாததை அவர் செய்துவிட்டார். என்ன எழுதினார் என்று பார்க்க அனுப்பிய கடிதத்தைத் திறந்தேன். 'வேலை செய்யவில்லை, மிக அவசரம்' என்று இரண்டு வரி. அதற்குக் கீழே விளக்கத்துக்காக ஏற்றுத்தாளை அப்படியே ஒட்டியிருந்தார். போன கப்பலின் தாள் அல்ல. அடுத்த கப்பலின் தாள். கப்பலின் பெயர், வெளிக்கிடும் நாள், எந்தச் சரக்கறையில் எது என்று எல்லாம் இருந்தது.

"ரமீஸ், இதையோ அனுப்பினனீங்கள்?"

அவர் வந்து திரையைப் பார்த்தார். பார்த்தபடியே கதிரையில் இருந்தார். "யா அல்லாஹ்," என்றார். "பிழை இதிலதானே எண்டு... விளங்கப்படுத்தத்தானே..."

அந்தக் குழுவின் கடிதங்கள் யாரும் வாசிக்கக்கூடிய பொதுப் பக்கம் ஒன்றிலும் சேமிக்கப்படும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் அதைச் சொன்னேன். கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு தமிழ் பேசும் ஆள், அடுத்த கப்பலின் விபரத்தை உலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விசயங்களுக்கு ஆட்கள் போய்த் திரும்பாமல் இருந்திருக்கிறார்கள்.

பெனடிக்ற் சேரிடம் போனோம். அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன போனது? எங்க போனது? எப்ப போனது? ஒவ்வொண்டாச் சொல்லும், தம்பி."

ரமீஸ் சொன்னார். ஒரு 'போல'கூட இல்லை.

சேர் எழும்பினார். "இப்பவே வாசலுக்குப் போவம். நாங்களாப் போய்ச் சொல்லவேணும். அவங்கள் கண்டுபிடிச்சு வந்து கேட்டால் உம்மை என்னால காப்பாத்த ஏலாது." என்னிடம் திரும்பினார். "பிள்ளை, நீர் இங்க இரும். அந்தக் கடிதம் ஆரிட்டப் போச்சுது, ஆர் வாசிச்சவை, அதைப் பாரும். லைனை நீரே வைச்சிரும். ஒருத்தரும் எனக்குப் போன் எடுக்கத் தேவையில்லை."

ரமீஸ் தன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். அது அவருடைய மூத்த மகளின் பெயர்.

மொடம் அன்றைக்கென்று பிடிவாதம் பிடித்தது. கிறீச்சிடும், பிடிக்கும், அறுந்துவிடும். வெளியே வெயிலில் காகங்கள் கத்துவது கேட்கிறது. துறைமுகப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. நான் மனதுக்குள் சல்லி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப அந்தப் பொத்தானை அமத்தினேன். கடைசியில் பிடித்தது. முதலில் குழுவின் பொதுப் பக்கத்தைத் திறந்தேன். அன்றைய கடிதங்களில் ரமீஸின் பெயர் இல்லை. பிந்தி வருமோ என்று திரும்பவும் பார்த்தேன். பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தேன். ஒரு கடிதம் கிடந்தது. குழுவைக் கவனிக்கிற பொறுப்பாளர், ஆர்னே என்ற ஒருவர், ரமீஸுக்கு மட்டும் எழுதியது. வார்த்தை வார்த்தையாக நினைவில்லை. சாரம் இதுதான்:

'புதிதாகச் சேர்கிறவர்களின் முதல் கடிதம் எனக்குத்தான் வரும். நான் விட்டால்தான் மற்றவர்களுக்குப் போகும். உங்களுடையதை நான் விடவில்லை. நீங்கள் ஒட்டியிருப்பது உண்மையான கப்பலின் உண்மையான சரக்கு என்று நினைக்கிறேன். நீங்கள் இருக்கிற இடத்தைப் பற்றிச் செய்திகளில் வாசிக்கிறேன். ஆகவே அதை அழித்துவிட்டேன், என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இன்னொன்று. உங்கள் கேள்வி என்னவென்று இரண்டு தரம் வாசித்தும் எனக்கு விளங்கவில்லை. என்ன வரவேண்டும், என்ன வந்தது? பொய்ப் பெயர்களை வைத்து, அதே பிழை வருகிற மிகச் சின்ன உதாரணம் ஒன்றைச் செய்து அனுப்புங்கள். இங்கே உதவக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.'

நான் அதை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. தாளில் அடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சேலையோடு அப்படி ஓடினது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

வாசலடியில் இருந்த அறைக்கு வெளியே ஒரு மர வாங்கில் பெனடிக்ற் சேர் இருந்தார். ரமீஸ் உள்ளே. கடற்படை அதிகாரி இளம் வயது, ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் கதைப்பார். தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார்.

"இந்த மனிதனை உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியாது, சேர். கண்டதில்லை."

"அப்ப இவர் ஏன் உங்களுக்காக இதைச் செய்யவேணும்?"

"அந்தக் குழுவில் அது வழக்கம்," என்று சொன்னேன். அது உண்மையும்தான்.

அவர் என்னோடு கந்தோருக்கு வந்து பொதுப் பக்கத்தைத் தானே பார்த்தார். முந்தின நாளையும் பார்த்தார். கப்பலின் பெயரைப் போட்டுத் தேடினார். ஒன்றும் இல்லை. மேலிடத்துக்குப் போன் எடுக்க எங்கள் லைனைத்தான் கேட்டார். அவர் சிங்களத்தில் கதைத்து முடிக்கும் வரைக்கும் நான் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: கப்பல் போகிற நாள் மாற்றப்படும். ரமீஸ் வீட்டுக்குப் போகலாம். ஆனால் இனிமேல் பெனடிக்ற் சேரின் கையெழுத்தும் தன் கையெழுத்தும் இல்லாமல் ஒரு கடிதம்கூட வெளியே போகக் கூடாது.

கடைசிப் பாதை போகுமுன் ரமீஸைக் கந்தோர் வானில் துறையடிக்குக் கொண்டுபோய் விட்டோம். இறங்கும்போது அவர், "மிஸ், நாளைக்கு நீங்க கேளுங்க," என்றார்.

ஆக, கேட்க வேண்டியவள் நான். அதுவும் கப்பலைச் சொல்லாமல், துறைமுகத்தைச் சொல்லாமல், சரக்கைச் சொல்லாமல். மறுநாள் காலை ரமீஸும் நானும் ஒரு வெறும் அட்டவணையை எடுத்து அதில் பழக்கடை ஒன்றை உண்டாக்கினோம். மாம்பழம் பெட்டியில். தோடம்பழம் சாக்கில். அன்னாசி பெட்டியில். தாளை அடித்தால் எல்லாம் ஒழுங்காக வந்தது. பிழையே இல்லை. பிழை வராத உதாரணத்தை அனுப்பி என்ன பயன்? உண்மைச் சரக்கில் இருப்பது எது இதில் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். நிறையைச் சேர்த்தோம், சரக்கறையைச் சேர்த்தோம். எல்லாம் வந்தது.

"சிலிண்டர் மாதிரி ஒண்டு வேணும், மிஸ்," என்றார் ரமீஸ். "பெட்டியில, சாக்கில போடாத சாமான்."

"பலாப்பழம்," என்றேன்.

பலாப்பழத்தைப் பதிந்து, பொதி என்ற இடத்தை வெறுமையாக விட்டோம். தாள் வெளியே வந்தது. மாம்பழம், தோடம்பழம், அன்னாசி. பலாப்பழம் இல்லை.

பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். பழைய தாள்களின் மர்மமும் அப்போதுதான் உடைந்தது. ஸ்ரோரில் முன்பு பதிந்தவர் வெற்றிடம் பிடிக்காமல் சிலிண்டருக்கும் 'சாக்கு' என்று போட்டிருக்கிறார், அவர் லீவில் நின்ற நாட்களில் பதிந்தவர்கள், இந்த முறை ரமீஸைப் போலவே, வெறுமையாக விட்டிருக்கிறார்கள். 

நாங்களும் 'சாக்கு' என்று போட்டுவிடலாம் என்று பெனடிக்ற் சேரிடம் சொன்னேன். தலையாட்ட மறுத்தார்.

"சாக்கு எண்டு எழுதினால் வாசலில சாக்கைத் தேடுவான். அதை விடும். வேற எது எது இப்பிடிச் சத்தமில்லாமல் விழுகுது எண்டு உமக்குத் தெரியுமோ?"

தெரியாது. அதுதான் கேள்வி. ஏன் விழுகிறது, வேறு எங்கே விழும் என்று தெரியாமல் அந்தத் தாளை இனி நம்ப ஏலாது.

எழுதினேன். இதைச் செய்தேன், நாலு பழம் வரவேண்டும், மூன்றுதான் வந்தது, பிழைச் செய்தி எதுவும் இல்லை, பொதியை நிரப்பினால் நாலாவதும் வருகிறது, ஆனால் நிரப்பாமல் வரவைக்க வேண்டும், இதே காரணத்தால் வேறு என்ன பிழைக்கலாம்? கட்டளையின் தொடர்புள்ள துண்டை மட்டும் கீழே வைத்தேன். 'அவசரம்' என்ற சொல்லை எழுதி, அழித்தேன். அதை அழிக்கத்தான் எனக்குக் கனநேரம் பிடித்தது.

பெனடிக்ற் சேர் வாசித்துவிட்டு, "இதென்ன பிள்ளை, சந்தைக் கடையோ?" என்று கேட்டுக் கையெழுத்து வைத்தார். கடற்படை அதிகாரிக்குத்தான் அது இலகுவாக இருக்கவில்லை. தாளை மேசையில் விரித்துவைத்து விரலை ஊன்றினார்.

"மாம்பழம் என்றால் என்ன?"

"மாம்பழம்தான், சேர்."

"பலாப்பழம் பெட்டியில்லாமல் போகுது. காணாமல் போகுது. இது என்ன?"

அவர் கேட்ட விதத்தில் எனக்கே அது சங்கேத வார்த்தை மாதிரித்தான் பட்டது. பெனடிக்ற் சேர்தான், "நீங்கள் வந்து கண்ணால பாருங்கோ," என்றார்.

அதிகாரி வந்தார். ரமீஸ் எழும்பி ஒதுங்கி நின்றார். நான் பலாப்பழத்துக்குப் 'பெட்டி' என்று போட்டு அடித்துக் காட்டினேன். நாலு பழமும் வந்தது. பெட்டியை அழித்து அடித்தேன். மூன்று வந்தது.

"திரும்பச் செய்யுங்க," என்றார்.

செய்தேன். அவர் கதிரையை இழுத்து இருந்து, தானே விசைப்பலகையில் தட்டிப் பார்த்தார். மாம்பழத்தின் பெட்டியை எடுத்தார். மாம்பழமும் மறைந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நாங்கள் எல்லாரும் கண்டோம். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்துவிட்டு ரமீஸைப் பார்த்து, "அடுத்த முறை முதலே பழம் எழுதுங்க," என்று தமிழில் சொன்னார். ரமீஸ் அன்றுதான் முதல் தரம் மூச்சு விட்டவர் மாதிரி இருந்தார்.

மத்தியானம் கடிதம் போனது. என் பெயரில், என் முதல் கேள்வி. அடுத்த நாள் மத்தியானம் மொடம் பிடித்தபோது பதில்கள் வந்து கிடந்தன. ஒருவரும் ஏசவில்லை. ஒருவர் பலாப்பழம் எவ்வளவு பெரிது, ஏன் பெட்டி தேவையில்லை என்று கேட்டிருந்தார். ஆர்னே நீளமாக எழுதியிருந்தார். பொருட்களின் அட்டவணையையும் பொதிகளின் அட்டவணையையும் பொருத்துகிற இடத்தில், 'இரண்டு பக்கமும் சோடி உள்ளதை மட்டும் எடு' என்று கட்டளை இருக்கிறது. பொதி இல்லாத பொருளுக்கு மறுபக்கத்தில் சோடி இல்லை. ஆகவே கணினி அதைப் பேசாமல் விட்டுவிடும். அதன் கணக்கில் அது பிழையே அல்ல. ஒரு சொல்லை மாற்றினால் சோடி இல்லாததும் வரும். கடைசியில் ஒரு வரி: 'நிறையைக் கூட்டுகிற இடத்திலும் இதே பொருத்தல் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.'

பார்த்தோம். இருந்தது. தாளிலிருந்து விழுந்ததெல்லாம் நிறைக் கணக்கிலிருந்தும் விழுந்திருக்கிறது. வலைக்கட்டுகள், இரும்புக் குழாய்கள், சைக்கிள்கள் என்று பொதியில்லாத எத்தனையோ சாமான், 'சாக்கு' என்று எழுதப்படாத நாட்களில், வாசலில் மறிபட்டோ, அல்லது கண்ணில் படாமல் கணக்கில்லாமல் ஏறியோ இருக்கின்றன. அதைக் கேட்டுப் பெனடிக்ற் சேர் வெகுநேரம் கண்ணாடியைப் போடவே இல்லை. கடலில் அதிகம் இருந்தவருக்கு, நிறை தெரியாமல் போன கப்பல் என்றால் என்னவென்று விளங்கும்.

இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லை மாற்றினோம். பழக்கடையில் சோதித்தோம். பிறகு உண்மைத் தாளை அடித்தோம். ஒட்சிசன் சிலிண்டர் தன் வரியில், பொதி என்ற இடம் வெறுமையாக, நிறையோடு இருந்தது. சேர் அந்த வரியின் கீழ் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார்.

மாற்றிய நாளில் லொறிகள் வந்தன. நாங்கள் வாசலுக்குக் கிட்டப் போக அனுமதி இல்லை, கந்தோர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். சிலிண்டர் லொறி நின்றது. அதிகாரி தாளைப் பார்த்தார், லொறியைச் சுற்றி வந்தார். கை காட்டினார். லொறி உள்ளே போனது. ரமீஸ் யன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெல்லச் சொன்னார்.

குழுவின் இன்னொரு வழக்கம், விசயம் சரிவந்தால் திரும்ப வந்து சொல்வது. என்ன பிழை, எப்படித் தீர்ந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்காக எழுதிவைக்க வேண்டும். இரண்டு கையெழுத்துகளோடு அதையும் செய்தேன். எது காப்பாற்றப்பட்டது என்று எழுத ஏலாது. எல்லாப் பழமும் இப்போது கணக்கில் வருகிறது, நிறையும் சரி, உங்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம் என்று மட்டும் எழுதினேன். ஆர்னே கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நானும் அந்தக் குழுவில் எத்தனையோ பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு ஏசாமல், என்ன பார்த்தனீங்கள் என்று கேட்டு எழுதுவேன். அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஏசுகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருந்த ஒருவர், நாங்கள் அனுப்பியதை முழுக்க வாசித்தார். வாசித்ததால்தான் அதை அவர் அனுப்பவில்லை.

கப்பல் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய, லொறி உள்ளே போனதற்கு அடுத்த நாள் வரை காத்திருந்தோம். கடலில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம். மத்தியானத்துக்குக் கிட்ட போன் அடித்தது. பெனடிக்ற் சேர் எடுத்தார். "ஓம் டொக்டர்... ஓம்..." பிறகு, "எல்லாமோ? எல்லாம் இறக்கியாச்சுதோ?" போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

நான் என் மேசைக்கு வந்து இருந்தேன். சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவேணும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. கதிரையிலேயே நித்திரையாகிவிட்டேன். கண் முழித்தபோது வெயில் சரிந்திருந்தது, கந்தோர் வழமைக்கு மாறாக அமைதியாக இருந்தது. ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து போனார்கள். அப்படிச் செய்யச் சொன்னது பெனடிக்ற் சேராம். ரமீஸ்தான் பிறகு எனக்குச் சொன்னார்.